ஆற்றங்கரைக் கல்லும் ஹன்னாவின் மணிக்கட்டும்

நிரூ, இதை நின்றுகொண்டு வாசிக்காதே. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து வாசி. மூன்று வரிக்கு மேல் நான் மெசேஜ் அனுப்பினாலே கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறவன் நீ. இது பல பக்கம் வரும். சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஹன்னாவின் மணிக்கட்டைப் பற்றிய கடிதம். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது, உடுப்பு தைத்தாயிற்று, எனக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று, ஆனாலும் இந்தக் கல்யாணம் நடக்கக்கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நடக்கவே கூடாது என்றல்ல, இப்போது நடக்கக்கூடாது. இந்த வித்தியாசத்தை நீ கடைசிவரை வாசித்தால்தான் விளங்கிக்கொள்வாய்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீடியோவில் வந்தீர்கள். நான் கூறைச் சேலையை விரித்துக் காட்டி, இந்தச் சிவப்புப் பிடித்திருக்கிறதா என்று ஹன்னாவைக் கேட்டேன். அவள் சேலையைப் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட வலது கையைத் தூக்கி, "ஓவன் டோர்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் கையைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை, நிரூ. கேள்வி வருவதற்கு முந்தி ஓடிவருகிற பதிலை எனக்கு நன்றாகத் தெரியும், அப்படி ஒன்றை நானே சமைத்து ஒருமுறை உன் வாயில் வைத்திருக்கிறேன். சுட்ட புண்ணுக்கு யாராவது எலும்பு அசையாதபடி பட்டை வைத்து விரல்வரை இறுக்கிக் கட்டுவார்களா? நீ அவளைப் பார்க்கவில்லை, அவளுடைய கையையும் பார்க்கவில்லை. நான் நம்பினேனா என்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். "நல்ல சிவப்பு அம்மா, சூப்பர்" என்றாய். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரிச் சேலையை மடித்தேன்.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். ஹன்னாவின் அப்பா பீற்றர் தான் எழுதிய உங்கள் இங்கிலாந்து ஊர் வரலாற்றை எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தார் அல்லவா? ஊரின் பெயரை நான் எழுதினால் நீ பிழை பிடிப்பாய், ஆகவே விடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பித்து ஓய்வு பெற்ற மனிதர், தேவாலயப் பெட்டிக்குள் கிடந்த பழைய தாள்களை வருஷக்கணக்காய்க் கிண்டி, தன் கைக்காசில் அச்சடித்த சின்னப் புத்தகம். ஆறு, ஆற்றங்கரையில் ஒரு கோயில், அந்தக் கோயிலுக்கு உட்பட்ட பங்கு, ஒரு மாவு ஆலை, ஒரு தோணித்துறை, இருபது முப்பது வீடுகள். வாத்தும் ரோசாச்செடியும் தேநீரும்தான் இருக்கும் என்று நினைத்து, நான் வேலை செய்யும் வேர்ஹவுஸில் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாய் வாசித்தேன். என் இங்கிலிஷுக்கு ஒரு பக்கம் ஒரு நாள் எடுத்தது. வாத்து ஒன்றையும் காணவில்லை. பக்கத்துக்குப் பக்கம் மண்டை உடைகிறது.

ஒரு மாரியில் ஆறு பெருகித் தன் பாதையை மாற்றிக்கொண்டது. இந்தப் பங்கு மாடுகளுக்குப் புல் அறுத்த வெளி, விடிந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அந்தப் பக்கத்துப் பங்குக்காரர் அது தங்கள் கரை என்று புல் அறுக்க வந்தார்கள். இவர்கள் அரிவாளோடு போனார்கள். ஒருவனுக்குக் காது போனது, ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு போனது. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து தோணிக்காரனைப் பிடித்தார்கள். காசு தந்தவர்கள் எல்லோரையும் ஏற்றுவதுதானே அவன் தொழில்? எதிரிகளைத் தோணியில் ஏற்றி வந்தவன் என்று சொல்லி, அவனுடைய துடுப்பைப் பிடுங்கி, இடுப்பளவு தண்ணீரில் வைத்து அவனை அடித்தே கொன்றார்கள். கோயில் பதிவில் என்ன இருக்கிறது தெரியுமா? ஆற்றில் மூழ்கி இறந்தான். அவனுக்கு நீந்தத் தெரியாது என்று அவனுடைய மனைவியே கைநாட்டு வைத்திருக்கிறாள். தோணிக்காரனுக்கு நீந்தத் தெரியாதாம்! ஊர் முழுக்க ஒரே பொய்யைச் சொன்னால் பதிவு எழுதுகிற சாமியார் வேறு என்ன எழுதுவார்?

ஆனால் அந்தச் சாமியாருக்கு நித்திரை வரவில்லைப் போலும். தன் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் பெட்டிக்குள்ளேயே போட்டிருக்கிறார். பின்மண்டை பிளந்திருந்தது, தூக்கிவந்த எல்லோரும் பார்த்தார்கள், நான் அவர்கள் சொன்னதை எழுதினேன் என்று. துடுப்பைப் பிடித்திருந்தவன் பெயரும் அதில் இருக்கிறது. பீற்றரின் குடும்பப் பெயர்தான் அது. அவருடைய சொந்தப் பூட்டன். மனிதர் அந்தப் பெயரை மறைக்காமல், அடிக்குறிப்பில் ஒளிக்காமல், பக்கத்தின் நடுவில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். இவருக்கு என்ன விசரா என்று முதலில் நினைத்தேன். எங்கள் ஆட்கள் குடும்ப வரலாறு எழுதினால் எல்லோரும் பிரம்பு பிடிக்காத வாத்திமாரும் நன்கொடை கொடுத்த பெருமக்களும்தானே.

அந்தச் சண்டைக்குப் பிறகு இந்தப் பங்குக்காரர் எல்லை நடையை விடாமல் நடத்தினார்களாம். வருஷத்துக்கு ஒருநாள் சாமியாரோடு ஊரே எல்லையைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு எல்லைக் கல்லிலும் பொடியன்களைத் தலைகீழாய்ப் பிடித்து மண்டையைக் கல்லில் மோதுவார்கள். வில்லோ மரத்துத் தடியால் விளாசுவார்கள். எல்லை ஆற்றுக்குள் இறங்குகிற இடத்தில் தூக்கித் தண்ணீருக்குள் எறிவார்கள். ஏன்? அந்தப் பொடியன் கிழவனான காலத்தில் வழக்கு வந்தால், 'இந்தக் கல்லில்தான் எனக்கு அடி விழுந்தது, ஆகவே எல்லை இதுதான்' என்று சாட்சி சொல்வானாம். வேர்ஹவுஸில் இருந்தபடி நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த பஞ்சாபிப் பிள்ளை, என்ன அன்ரி என்று கேட்டாள். சொன்னேன். "எங்கட வீட்டிலும் அப்பிடித்தான், கல்லுத்தான் இல்லை" என்ற கருத்தில் அவள் தன் இங்கிலிஷில் ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அதெல்லாம் விளையாட்டாகிவிட்டது என்று பீற்றர் எழுதியிருந்தார். கல்யாணத்துக்கு முந்திய ஞாயிறு ஊர் எல்லை நடை. புதிதாய்ப் பங்குக்கு வந்த ஆள் நீதான், ஆகவே உன்னை ஆற்றங்கரைக் கல்லில் மெல்ல இருத்தி எழுப்புவார்களாம், உன் அப்பா இல்லாதபடியால் நான் வில்லோத் தடியால் மூன்று தட்டுத் தட்ட வேண்டுமாம், பிறகு எல்லோருக்கும் கேக். நானும் பெருமையாய் ஓம் என்று பதில் போட்டேன். அது ஹன்னாவின் கையைப் பார்ப்பதற்கு முந்தி. இப்போது அந்தத் தடியை என்னால் தொட முடியாது. பீற்றருக்கு நேற்று எழுதிவிட்டேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன் என்று.

எனக்கு அடிக்கக் கை நீளும் என்று உனக்குத் தெரியும். எவ்வளவு தூரம் நீளும் என்று தெரியாது. உன் பெரியப்பா கனடாவில் செத்தபோது, அப்பிடி ஒரு தங்கமான மனுஷன் இல்லை என்று நீ தேம்பித் தேம்பி அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தக் காலத்தில் ஊரில் எங்கள் ஒழுங்கையில் எங்களுக்கு அடுத்த வளவு சின்னராசா அண்ணையுடையது. அவர் உன் அப்பாவுக்குச் சொந்த மச்சான். இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி. வருஷா வருஷம் வேலி அடைக்கும்போது வேலித் தடியாய் நிற்கிற பழைய கதியாலைப் பிடுங்கிவிட்டு, புதியதை அதே குழியில் நடாமல் அதற்கு அப்பால் நடுவது ஒரு கெட்டித்தனம். ஒரு கதியால் பருமன் இந்த வருஷம், இன்னொன்று அடுத்த வருஷம். அவர் இப்படித் தள்ளினார், நாங்கள் அப்படித் தள்ளினோம். கடைசியில் எல்லையில் நின்ற ஒரு பனை அவருடைய பக்கத்துக்குப் போய்விட்டது. ஒரு சாண் நிலமும் ஒரு பனையும், நிரூ, வேறொன்றும் இல்லை.

ஒருநாள் காலையில் எழும்பிப் பார்த்தால் புது வேலி நிற்கிறது. பெரியப்பா போய்க் கதியாலைப் பிடுங்கத் தொடங்கினார். சின்னராசா அண்ணை ஓடிவந்து, "தொட்டுப்பார், கையை முறிப்பன்" என்றார். "ஆரின்ரை வளவுக்கை நிண்டுகொண்டு ஆருக்கடா கதைக்கிறாய்?" என்று பெரியப்பா. நான் கல்யாணம் கட்டி வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை, குசினியில் என் பாட்டுக்கு நின்றிருக்கலாம். ஓடிப்போய், சின்னராசா அண்ணையின் மனைவி மலர் அக்காவின் கொண்டையைப் பிடித்தேன். அவள் என்னை ஒன்றும் செய்யவில்லை, தன் புருஷனைப் பின்னால் இழுக்கத்தான் வந்தாள். பெரியப்பா திரும்பி, "பிள்ளை, அந்த அலவாங்கை எடு" என்றார். குழி தோண்டுகிற இரும்பு. குழி தோண்டக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தேன். "விடாதேங்கோ அண்ணை" என்று கத்தியதும் நான்தான். ஒரே ஒரு அடி. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ், என்ன நடந்தது என்று மலர் அக்காவைத்தான் கேட்டாள். மலர் அக்கா வாயைத் திறப்பதற்குள், "பனையாலை விழுந்திட்டார்" என்று நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஓம், பனையாலைதான்" என்றாள். இரண்டு பெண் குழந்தைகளோடு அந்த ஒழுங்கையில் அவள் இருந்தாக வேண்டும், சுற்றிவர எல்லாம் எங்கள் ஆட்கள், வேறு என்ன சொல்வாள்? மூன்றாம் நாள் சின்னராசா அண்ணை செத்துப்போனார். நாங்கள் எல்லோரும் செத்த வீட்டுக்குப் போனோம், நான் தேத்தண்ணி ஊற்றினேன். கொஞ்சக் காலத்தில் ஷெல் விழத் தொடங்கி ஊரே கிளம்பியது. இரண்டு வளவையும் சேர்த்து ஆமிக்காரன் முகாம் போட்டான். பனையும் இல்லை, வேலியும் இல்லை, எல்லை எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதன் பிறகு நடந்த பெரிய சாவுகளுக்குள் இந்தச் சாவை நாங்கள் வசதியாய் மறைத்துக்கொண்டோம். மலர் அக்கா எங்கே போனாள் என்று நான் தேடவில்லை. அப்பா ஒருமுறை, "விசாரிச்சுப் பாப்பமா?" என்று கேட்டார். நான் அவர் மீது எரிந்து விழுந்தேன்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அந்தப் பனையடிப் பொய்யைச் சொல்லப் பழகிய வாய்தான் உனக்கும் பொய் சொல்லிக்கொடுத்தது. நாங்கள் ட்ருகனினாவில் இருந்த வீட்டுக் காராஜ் உனக்கு ஞாபகம் இருக்கும். பதினைந்து வயது உனக்கு. ட்யூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறு கிழமை போகவில்லை. நான் இரண்டு ஷிஃப்ட் நின்றுவிட்டு வந்த நாள், ட்யூஷன் ரீச்சர் போன் பண்ணிச் சொன்னாள். களைப்பில் அடித்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். களைத்தவள் படுப்பாள், அடிக்கமாட்டாள். எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, நிரூ. ஒருவன் என் முன்னால் பயந்து ஒடுங்குவதில் ஒரு சந்தோஷம். நீயும் அதைக் கண்டிருப்பாய், ஆகவே உனக்கு மறைக்கவில்லை. வக்கூம் கிளீனரின் இரும்புக் குழாயால் அடித்தேன். நீ தலையைக் காப்பாற்றக் கையைக் கொடுத்தாய். முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தன. அப்பா காராஜ் கதவுக்கு வெளியே நின்று, "காணும், காணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் உள்ளே வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது சிவப்பு விளக்கில் நிறுத்தி, "கிரிக்கெட் பந்து பட்டது எண்டு சொல்லு" என்றேன். நீ அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாய், "லெதர் போலா அம்மா, டெனிஸ் போலா?" என்று. டெனிஸ் பந்து பட்டு எலும்பு முறியாது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. "லெதர் போல்" என்றேன். டொக்டரிடம் சொன்னாய், பள்ளிக்கூடத்தில் தனி அறையில் கூப்பிட்டுக் கேட்டவர்களிடமும் சொன்னாய், ஒரு சொல் பிசகவில்லை. அன்று உனக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்து, எலும்பு முறிந்த பிள்ளைக்கு நானே சோற்றைக் குழைத்துத் தீத்திவிட்டேன். என் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பெருமையாய் இருந்தது. இதைவிடக் கேவலமான பெருமை ஒரு தாய்க்கு வருமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு நீ நகரத்தின் மற்றப் பக்கம் கிளேட்டனில் அறை எடுத்துக்கொண்டு போனபோது, யூனிவர்சிற்றி தூரம், அதனால் போகிறான் என்று கோயிலில் எல்லோருக்கும் சொன்னேன்.

புதன்கிழமை நீ வேலைக்குப் போன நேரம் பார்த்து ஹன்னாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். முதலில் ஓவன் டோர்தான் வந்தது. நான் அவளை மறித்து, லெதர் போல் கதையைச் சொன்னேன். குழாய், காராஜ், சிவப்பு விளக்கு, எல்லாம். நீ அதைப் பற்றி அவளிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை என்று அப்போதுதான் அறிந்தேன்.  பிறகு சொன்னாள், இது மூன்றாவது தரம் என்று. முதல் தரம் நீ குத்தியது கதவில், அவளுடைய தலைக்குப் பக்கத்தில். இரண்டாவது தரம் தோள். இப்போது மணிக்கட்டு, முறுக்கியது. ஒவ்வொரு தரமும் அடுத்த நாள் நீ பூவோடு வந்தாயாம். என் கணவாய்க் கறியை நீ இங்கிலாந்தில் பூவாக்கி வைத்திருக்கிறாய்.

அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "நீங்கள் எப்போது நிறுத்தினீர்கள்? நீங்களாக நிறுத்தினீர்களா?" என்று. நல்லதாய் ஏதாவது சொல்லியிருக்கலாம். பிள்ளையின் கட்டைப் பார்த்து மனம் திருந்தினேன், கடவுளிடம் சத்தியம் பண்ணினேன் என்று. இல்லை ஹன்னா என்று சொன்னேன். கை முறிந்த பிறகும் மூன்று வருஷம் அடித்தேன். அவன் வளர்ந்து, ஒருநாள் என் கையை எட்டிப்பிடித்து, வளையல் நெளிய முறுக்கினான். அன்றைக்குத்தான் நிறுத்தினேன். அவனுடைய கை என்னுடையதைவிடப் பெரிதாகிவிட்டது, அதுதான் காரணம், வேறு காரணம் ஒன்றும் இல்லை. இதைக் கேட்டு அவள் அழுதாள். உன்னுடைய கை அவளுடையதைவிட எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும், நிரூ. அதை அவள் அந்த இடத்தில் விளங்கிக்கொண்டாள்.

உன்னைத் திருத்தலாம் என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஹன்னாவின் எலும்பை விலையாகக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. இனிமேல் செய்யமாட்டேன் என்று யாரிடமும் சத்தியம் பண்ணாதே, அந்தச் சத்தியத்தை நான் எத்தனை தரம் பண்ணினேன் என்று எனக்குத்தான் தெரியும். டொக்டரிடம் போய், ஓவன் டோர் இல்லை, நான்தான் என்று உன் வாயால் சொல். இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், போய் மாதக்கணக்கில் இருந்து பழகு. எனக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை என்று நான் சாட்டுச் சொல்லமாட்டேன், சொல்லியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன். பீற்றர் உன்னிடம் வந்து கேட்டால் எதையும் மறைக்காதே. தன் பூட்டன் கொலைகாரன் என்று தடித்த எழுத்தில் போட்ட மனிதர் உன்னை உற்றுப் பார்ப்பார், நீ தலையைக் குனியாமல் நின்று பதில் சொல்ல வேண்டும். அவர் விரும்பினால் இந்தக் கடிதத்தையும் தன் அடுத்த புத்தகத்தில் போடட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

டிக்கெட்டை மாற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறேன். கல்யாணத்துக்கு வரவில்லை, உன்னிடம் வருகிறேன். நீ கத்தினாலும் கதவைச் சாத்தினாலும் உன்னோடுதான் இருப்பேன். உன்னை இப்படி ஆக்கியதில் என் பங்கு பெரிது. ஆனால் அவளுடைய கையை முறுக்கியது நீ. அதை என் தலையில் போட்டுவிட்டுத் தப்பலாம் என்று நினைக்காதே.

இந்தத் தாள்களை மேசையில் வைத்தது ஹன்னா. நான் அனுப்பியதை அச்செடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு பக்கமாய் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். மேல்மாடிக்கு ஓடிப்போய்ப் பார்க்காதே, அவளுடைய உடுப்பு அங்கே இருக்காது. பீற்றரின் வீட்டில் இருக்கிறாள், அவருக்கு இந்நேரம் எல்லாம் தெரியும். அங்கே போகாதே, போனும் பண்ணாதே. உன் மேல் கோபம் வந்து அவள் போகவில்லை. போகட்டுமா அம்மா என்று என்னைக் கேட்டாள், போ என்றேன்.

அம்மா